வந்து சேராத விதைப் பொட்டலம்

காவிரிக் கடைமடையில் ஒரு சிறிய ஊர். அங்கே ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பெண் விவசாயி ஒருவர், கடந்த ஆவணியில் அரை ஏக்கரை மட்டும் தூயமல்லிக்கு ஒதுக்கிவைத்தார். 135 முதல் 140 நாள் வயதுள்ள பாரம்பர்ய ரகம் அது. விதை உள்ளூரில் கிடைக்கவில்லை. வடமாவட்டத்தில் விதை பாதுகாக்கும் விவசாயி ஒருவரிடம் போனில் பேசி, 2 கிலோ கேட்டிருந்தார். ஒற்றை நாற்று நடவுக்கு அரை ஏக்கருக்கு அது தாராளம்.

அந்த அரை ஏக்கரில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதாயிற்று. நாற்றங்காலுக்கு இடம் சமன்செய்து, தொழுவுரம் சலித்து வைத்தாயிற்று. விதை மட்டும்தான் வரவேண்டும்.

அனுப்பியவர் ஆவணி 5-ம் தேதி ஸ்பீடு போஸ்ட்டில் போட்டுவிட்டு, ரசீதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். 9-ம் தேதி அவரே போன் செய்து, "பொட்டலம் கைக்கு வந்துடுச்சாம்மா? டெலிவரி ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு" என்று கேட்டார். இந்த அம்மாவுக்கு எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை கிளை அஞ்சலகத்துக்குப் போனார். "நம்ம ஆபீசுக்கு அப்படி ஒரு பார்சலே வரலைங்கக்கா. வந்தா நானே கொண்டாந்து தர மாட்டேனா?" என்றார் அங்கிருந்த ஊழியர். பஸ் ஏறி 11 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துணை அஞ்சலகத்துக்குப் போனார். "கம்ப்யூட்டர்ல டெலிவரின்னு இருக்கும்மா. உங்க வீட்ல யாராச்சும் வாங்கியிருப்பாங்க, நல்லா விசாரிங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் இருப்பதே அவரும் மாமியாரும்தான். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. 'ஒருவேளை வாங்கி எங்காவது வைத்துவிட்டாரோ' என்று அந்த முதியவரையும் இரண்டு நாள் கேட்டுக் குடைந்தாயிற்று. பானை, பத்தாயம், கட்டிலுக்கு அடி என்று வீட்டையே புரட்டியாயிற்று. கடைசியில் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் இணையத்தில் புகார் பதிவு செய்தாள். ஆறாம் நாள் பதில் வந்தது: 'பொருள் பட்டுவாடா செய்யப்பட்டது. புகார் முடித்துவைக்கப்பட்டது.' மறுபடி புகார். நான்காம் நாள் அதே பதில்.

தபால் தொலைவதைவிட இந்த இடம்தான் மனிதரை நோகடிக்கிறது. 'வரவில்லை' என்று சொல்பவரிடம் 'வந்துவிட்டது' என்று கணினி பதில் சொல்கிறது. அந்தப் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் மகளும், "அத்தை, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாள். புகார் கொடுத்தவரே குற்றவாளி போல ஆகிவிட்டார்.

புகார் எங்கே போகிறது?

இணையத்திலோ போனிலோ பதியும் புகார், பெரும்பாலும் பட்டுவாடா செய்த அஞ்சலகத்துக்கே விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். அங்கே இருப்பவர் கணினிப் பதிவைப் பார்த்து, 'பட்டுவாடா ஆகிவிட்டது' என்று எழுதினால், அதுவே பதிலாகிப் புகார் முடிந்துவிடும். யாரும் வேண்டுமென்றே பொய் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியே 'என் தபால் வரவில்லை' என்று இருக்கும்போது, 'பதிவில் வந்திருக்கிறது' என்ற பதில் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

அந்த அம்மாவின் விஷயத்தில் வழி திறந்தது கேள்வியை மாற்றியபோதுதான். புரட்டாசி 10-ம் தேதி, விதை அனுப்பியவர் ரசீது நகலை இணைத்து, அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் 'வரவில்லை' என்று புலம்பவில்லை. மூன்றே கேள்விகள் கேட்டிருந்தார். எந்தத் தேதியில் பட்டுவாடா ஆனது? எந்தக் கிளை அஞ்சலகம் மூலம் ஆனது? கையெழுத்துப் போட்டு வாங்கியவர் யார்? கையெழுத்தின் நகல் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

மூன்றாம் வாரம் உட்கோட்ட ஆய்வாளர் நேரில் வந்தார். பட்டுவாடாச் சீட்டை எடுத்துப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ஊர்ப் பெயருக்கு முன்னால் 'மேல', 'கீழ' என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டு ஊருக்கும் ஒரே பின்கோடு. பொட்டலத்தில் பேனா மையில் எழுதிய முகவரியில், மழைத்துளி பட்டு அந்த முதல் சொல்லும் போன் நம்பரின் கடைசி இரண்டு எண்களும் கலைந்திருந்தன. பக்கத்து ஊரில் அதே பெயரில், அதே முன்னெழுத்தில் ஒரு பெண் இருந்தார். அவர் திருப்பூரில் வேலை செய்கிறார். அவருடைய மாமியார் கைநாட்டு வைத்து வாங்கிவைத்திருக்கிறார்.

"மருமக பேருக்கு வந்ததுன்னு வாங்கி வச்சோம் தாயி. தீபாவளிக்கு அவ வந்தா பிரிச்சுக்கட்டும்னு இருந்துட்டோம். நெல்லுன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கொண்டாந்திருப்பேனே" என்று அந்த மூதாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது?

பொட்டலம் மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் இருந்திருக்கிறது. சாரல் பட்டு ஈரம் இறங்கியிருந்தது. அந்த அம்மா வீட்டுக்கு வந்து 100 விதையை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தார். 58 முளைத்தன. சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 முளைக்க வேண்டும். அப்போது ஐப்பசி தொடங்கிவிட்டது. பசுந்தாள் மடக்கி வைத்த அரை ஏக்கரில், பக்கத்து வயலில் மிஞ்சிய நாற்றை வாங்கி ஏற்கெனவே நட்டு முடித்திருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதற்கு நஷ்டஈடு கிடையாதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. உள்ளதை உள்ளபடி சொன்னால், கிடைப்பது மிகக் குறைவு.

1898-ம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 6-வது பிரிவு, தபால் தொலைந்தாலோ, தாமதமானாலோ, மாறிப் போனாலோ, சேதமானாலோ, அரசு தானே ஏற்றுக்கொண்ட அளவைத் தாண்டிப் பொறுப்பு ஏற்காது என்று சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் வந்து, 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 10-வது பிரிவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் மட்டுமே அவர்மேல் பொறுப்பு வரும்.

ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால், கட்டிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது இழப்பீடு என்பது நீண்டகாலமாக இருந்துவரும் விதி. 80 ரூபாய் கட்டி அனுப்பிய விதை தொலைந்தால் 160 ரூபாய். பொட்டலத்துக்குள் இருந்தது விதையா, வெற்றுக் காகிதமா என்பது இந்தக் கணக்கில் வராது. போன பருவம் எந்தக் கணக்கிலும் வராது.

ஆகவே, தொலைந்த பிறகு போராடுவதைவிட, தொலையாமலும் மாறாமலும் பார்த்துக்கொள்வதே லாபம். விலை உயர்ந்த பொருள் என்றால், மதிப்பைச் சொல்லி இன்ஷூர் செய்து அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தால்தான், சொன்ன மதிப்புக்குள் உண்மையான நஷ்டத்தைக் கேட்க முடியும்.

விதையை அனுப்புபவர்கள் கவனத்துக்கு...

* நெல் விதை 13 சதவிகித ஈரப்பதத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த விதையைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் வழியிலேயே புழுங்கிவிடும். நன்கு காய்ந்த விதையைத் துணிப்பையில் போட்டு, அதற்கு மேல் மழை படாத உறை போட வேண்டும்.
* முகவரியை மை பரவாத பேனாவால் எழுதி, மேலே ஒளி ஊடுருவும் டேப் ஒட்ட வேண்டும். அதே முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பொட்டலத்துக்குள்ளும் போட வேண்டும். மேலே இருப்பது அழிந்தாலும் உள்ளே இருப்பது வழி சொல்லும்.
* பொட்டலத்தின் மேல் 'விதை நெல்' என்று தமிழில் பெரிதாக எழுதலாம். அந்த மூதாட்டி சொன்னதை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்திருந்தால், படிக்கத் தெரிந்த யாராவது அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.
* முழு விதையையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டாம். அரிதான ரகம் என்றால் பாதியைக் கையிலேயே வைத்திருந்து, முதல் பொட்டலம் சேர்ந்த பிறகு அடுத்ததை அனுப்பலாம்.
* அனுப்பும் முன் முகவரி தெரியும்படி பொட்டலத்தைப் போட்டோ எடுத்துவைக்க வேண்டும்.

முகவரி எழுதுவதில் ஒரு நுணுக்கம்

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களில் கடைசி மூன்று, பட்டுவாடா அஞ்சலகத்தைக் குறிக்கும். ஆனால், கிராமங்களில் ஒரு துணை அஞ்சலகத்தின் கீழ் உள்ள பல கிளை அஞ்சலகங்களுக்கும் ஒரே பின்கோடுதான் இருக்கும். ஆகவே, பின்கோடு சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. தெரு, கிராமம், கிளை அஞ்சலகத்தின் பெயர், 'வழி' என்று துணை அஞ்சலகத்தின் பெயர், வட்டம், மாவட்டம் ஆகிய அனைத்தும் வேண்டும். கணவர் பெயரோ, அப்பா பெயரோ சேர்த்து எழுதினால் ஒரே பெயர்க் குழப்பம் பாதி குறைந்துவிடும்.

தபால் வரவில்லை என்றால்...

முதலில், 13 எழுத்து-எண்கள் கொண்ட பதிவு எண்ணை அனுப்பியவரிடம் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் 'ஐ.என்.' என்று இருக்கும். இந்த எண் இல்லாமல் எந்தப் புகாரும் நகராது. சாதாரணத் தபாலுக்கு இந்த எண் கிடையாது. அது தொலைந்தால் தேடிப் பிடிப்பது கடினம். முக்கியமான எதையும் சாதாரணத் தபாலில் அனுப்பக் கூடாது.

அடுத்து, கிளை அஞ்சலகத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாமல், துணை அஞ்சலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்க வேண்டும். 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதிவு செய்யலாம். புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். நஷ்டஈடு போவது அனுப்பியவருக்குத்தான் என்பதால், அவர் பெயரிலும் ஒரு புகார் போவது நல்லது.

கடிதத்தை இப்படி எழுதலாம்:

'இந்த எண்ணுள்ள ஸ்பீடு போஸ்ட், இந்தத் தேதியில் இந்த அஞ்சலகத்தில் பதிவு செய்யப்பட்டது. பட்டுவாடா ஆனதாகக் கணினியில் உள்ளது. முகவரிதாரருக்குக் கிடைக்கவில்லை. எந்தத் தேதியில், எந்தக் கிளை அஞ்சலகம் மூலம், யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதைத் தெரிவித்து, வாங்கியவர் கையெழுத்தின் நகலைத் தரவும். ரசீது நகல், முகவரியின் போட்டோ, முந்தைய புகார் எண்கள் இணைப்பில் உள்ளன.'

இவ்வளவு போதும். கோபத்தை இரண்டு பக்கம் எழுதினால், கேட்ட கேள்வி அதில் மறைந்துவிடும்.

பதில் திருப்தி இல்லை என்றால், அடுத்த படி கோட்டக் கண்காணிப்பாளர். அதற்கு மேல் மண்டல அஞ்சல் துறைத் தலைவர். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் மண்டல அலுவலகங்கள் உள்ளன. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை நடக்கும் அஞ்சல் குறைதீர்ப்புக் கூட்டத்துக்கும் மனு அனுப்பலாம். தேதி அறிவிப்பு அஞ்சலகத்தில் ஒட்டப்படும்.

சி.பி.கிராம்ஸ் எனப்படும் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்திலும் இ-சேவை மையம் மூலம் பதியலாம். 2024-ல் வந்த வழிகாட்டுதல்படி 21 நாள்களுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். முடித்துவைத்த புகார்மேல், அதே தளத்தில் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. பலரும் 'முடித்துவைக்கப்பட்டது' என்ற வார்த்தையைப் பார்த்ததும் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் விடக் கூடாது.

கையெழுத்து நகலைத் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். அதை அஞ்சலகத்தில் விற்கும் போஸ்டல் ஆர்டராகவே இணைக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பட்டுவாடாச் சீட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குமேல் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், தாமதிக்கக் கூடாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் உரிமை உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கு போட வேண்டும். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. ஆனால், மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பை அஞ்சல் துறை அங்கே எடுத்துச் சொல்லும். அலட்சியத்துக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிளை அஞ்சலகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் கிராம அஞ்சல் ஊழியர்கள். சேமிப்புக் கணக்கு, காப்பீடு, முதியோர் பணம், பார்சல் என அத்தனையும் ஒருவர் இருவர் தலையில்தான். அவரிடம் சண்டை போட்டால், அடுத்த தபாலுக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். சரியான போன் நம்பரை அவரிடம் கொடுத்துவைத்தால், அது எந்தப் புகாரையும்விடப் பயன் தரும்.

வாசகர்களின் துணைக் கேள்விகள்

பதிவுத் தபால் இனி இல்லை என்கிறார்களே, உண்மையா?

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால், ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. முகவரிதாரர் கையிலேயே தர வேண்டும் என்றால், ஸ்பீடு போஸ்ட் அனுப்பும்போது 'பதிவு' என்ற கூடுதல் சேவையைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு 5 ரூபாயும் வரியும் தனி. ஓ.டி.பி சொன்னால் மட்டுமே ஒப்படைக்கும் சேவையும் வந்திருக்கிறது. பட்டா, பத்திரம், விதை போன்றவற்றுக்கு இதைத் தவறாமல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வீட்டில் இருக்கும் வேறு ஒருவரிடமும் கொடுத்துவிடலாம்.

பயிர் சேதமானால் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் போட்டால் போதுமா?

போதாது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற தனிப்பட்ட இடர்களுக்கும், அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாள்களுக்குள் புயல் அல்லது பருவம் தவறிய மழையில் கெட்டுப்போவதற்கும், 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். கடிதம் போய்ச் சேருவதற்குள் கெடு முடிந்துவிடும். 14447 என்ற எண்ணில் கூப்பிட்டுப் புகார் எண் வாங்க வேண்டும். வேளாண் அலுவலகத்திலும் நேரில் சொல்லிவைக்க வேண்டும்.

வங்கியிலிருந்து வரும் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பிக்கலாமா?

தப்பிக்க முடியாது. 1897-ம் ஆண்டு பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பினால், மாறான நிரூபணம் இல்லாதவரை அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். வாங்க மறுத்தாலும் நீதிமன்றம் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். வாங்கிப் படித்து, உரிய காலத்தில் பதில் கொடுப்பதே பாதுகாப்பு. உண்மையிலேயே வராத நோட்டீஸ் 'சேர்ந்துவிட்டது' என்று சொல்லப்பட்டால், மேலே சொன்ன கையெழுத்து நகல்தான் துணைக்கு வரும்.

முளைப்புத்திறன் குறைந்த விதையை என்ன செய்வது?

80-க்குக் குறைந்தால் விதை அளவைக் கூட்டலாம். 58 முளைத்தால், 3 கிலோ தேவைப்படும் இடத்துக்கு சுமார் 4 கிலோ 150 கிராம் வேண்டும். 50-க்கும் கீழே போனால் விற்பனைக்கான சாகுபடிக்கு எடுக்காமல், விதைப் பெருக்கத்துக்கு மட்டும் சிறிய பாத்தியில் போடலாம். வீரியம் குறைந்த விதை மெதுவாக முளைக்கும். அதனால் நாற்றங்காலில் நெருக்கமாகத் தூவாமல் கலைத்துத் தூவ வேண்டும்.

அந்த அம்மாவும் இதைத்தான் செய்தார். சம்பா பட்டம் தவறிவிட்டது என்று தூயமல்லியைக் கோழிக்குப் போட்டுவிடவில்லை. ஐப்பசியிலேயே வீட்டுக் கொல்லையில் நாற்று விட்டு, 10 சென்டில் மட்டும் தாளடியாக நட்டார். ஆற்றுத் தண்ணீர் நின்ற பிறகு பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஒப்பேற்றினார். பங்குனியில் அறுத்தது சோற்றுக்கு இல்லை. அடித்துத் தூற்றி, காயவைத்து, துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறார். வருகிற ஆவணிக்கு அவர் தபாலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர் மூதாட்டி வீட்டுக்கும் அதில் இரண்டு படி போயிருக்கிறது.